கூரைத் தீப்பாதுகாப்பு

கூரைத் தீப்பாதுகாப்பு என்பது, கட்டிடமொன்றின் கூரையும், அக்கூரையின் மேல் எழுப்பப்படும் கொட்டகை, அறை, தொட்டி, தகடு முதலிய அமைப்புக்களும் எளிதில் தீப்பற்றாமலும், பற்றினாலும் உள்ளிருப்போர் வெளியேறும்வரை சரிந்து விழாமலும், அடுத்த கட்டிடத்துக்குத் தீயைக் கடத்தாமலும் இருக்கும்படி கட்டுவதற்குரிய தேவைகளைக் குறிக்கும். இத்தேவைகள் கட்டிட விதிகள், தர நிர்ணயங்கள், உரிமச் சட்டங்கள் ஆகியவற்றில் பிரிந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டில் இவ்விடயம் பொதுமக்களின் கவனத்துக்கு வந்தது 2004 ஆம் ஆண்டில் ஆகும். அவ்வாண்டு சனவரியில் திருவரங்கத்திலும் சூலையில் கும்பகோணத்திலும் நிகழ்ந்த இரு தீநேர்ச்சிகளிலும் உயிரிழப்புக்குக் காரணமாயிருந்தது மாடியின் மேலிருந்த கீற்றுக் கூரையே.

இக்கட்டுரை தமிழ்நாட்டின் நடுப்பகுதியை, குறிப்பாகக் கொள்ளிடத்துக்கு வடக்கே அமைந்துள்ள அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியை, முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது. சிமெந்து ஆலைகளுக்குப் பெயர்பெற்ற இம்மண்ணில் காங்கிறீற்றுத் தளமும் ஓலைக் குடிசையும் ஒரே தெருவில் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன.

கூரையில் தீ பரவும் விதம்

கூரைக்குத் தீ மூன்று வழிகளில் வருகின்றது. முதலாவது, கீழிருந்து வருவது. அடுப்பு, விளக்கு, மின்கசிவு ஆகியவற்றால் அறைக்குள் உண்டாகும் தீயின் சூடான வளிமங்கள் மேலெழுந்து கூரையின் அடிப்புறத்தில் தேங்குகின்றன. அறையில் முதலில் கடுஞ்சூட்டை அடையும் பகுதி கூரையே. இரண்டாவது, மேலிருந்து வருவது. அயல் வீட்டிலிருந்து பறந்து வரும் தீப்பொறி, வாணவெடி, உரசும் மின்கம்பிகளிலிருந்து விழும் பொறி என்பன இதில் அடங்கும். மூன்றாவது, பக்கவாட்டில் வருவது. இரு கூரைகளின் இறவாரங்கள் ஒன்றையொன்று தொடும்படி இருந்தால், ஒன்று எரியும்போது மற்றது தப்புவதில்லை.

சுவர் எரிந்தால் விலகி நிற்கலாம். எரியும் கூரை தலைமேல் விழுகின்றது. கூரையைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம். கீற்று வேய்ந்த கூரையில் இது மிக விரைவாக நடைபெறுகின்றது. காய்ந்த ஓலையின் அடுக்குகளுக்கு இடையே காற்று உள்ளதால், தீ மேற்பரப்பில் மட்டுமன்றி உள்ளேயும் ஓடுகின்றது. கீற்றைப் பிணைத்துள்ள கயிறு அறுந்ததும் மூங்கிலும் எரியும் ஓலையும் ஒன்றாகக் கீழே இறங்குகின்றன. மேலே நீரைப் பீய்ச்சினாலும், மழை நீரை வடிப்பதற்கென்றே வேயப்பட்ட கூரை அந்நீரையும் வடித்துவிடுகின்றது. ஆகவேதான் தீயணைப்பு வீரர் எரியும் கூரையைத் தொரட்டியால் பிய்த்து இழுத்துப் போடுவதும், அடுத்த வீட்டுக் கூரையை நனைப்பதும் உண்டு.

கூரைப் பொருட்கள்

அரியலூர்ப் பகுதியில் பனையோலை, தென்னங்கீற்று, கரும்புத் தோகை, வைக்கோல், விழல் என்பன கூரை வேயப் பயன்பட்டு வந்துள்ளன. பின்னிய தென்னங்கீற்று யாழ்ப்பாணத்தில் கிடுகு எனப்படுகின்றது. இவை யாவும் எரியக்கூடியவை.

சுட்ட மண் ஓடு எரியாது. இப்பகுதியில் ஓட்டுக் கூரையின் வரலாறு நீண்டது. சோழரின் தலைநகராயிருந்த கங்கைகொண்ட சோழபுரத்தில், மாளிகைமேடு என்னும் இடத்தில் நடந்த அகழாய்வுகளில் கூரை ஓடுகள் பெருமளவில் கிடைத்துள்ளன. எனினும் ஓட்டுக் கூரையைத் தீப்பிடிக்காத கூரை என்று சொல்லிவிட முடியாது. ஓட்டைத் தாங்கும் கைமரமும் ரீப்பர்ச் சட்டமும் மரமாதலால், அவை எரிந்தபின் ஓடுகள் மொத்தமாகச் சரிகின்றன. பழைய மச்சு வீடுகளில் காணப்படும் மெட்ராசுத் தளமும் இத்தகையதே. மர விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்திப் பதித்து அமைக்கும் இத்தளத்தில், மேற்புறம் எரியாது. அடிப்புறத்தில் மரம் வெளிப்பட்டு நிற்கும்.

கல்நார்த் தகடு எரியாதெனினும் கடுஞ்சூட்டில் வெடித்துச் சிதறும். துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு எரிவதில்லை. ஆனால் அதைத் தாங்கும் உருக்குக் கட்டமைப்பு ஏறத்தாழ 550 பாகை செல்சியசில் தன் வலிமையில் பாதியை இழந்து வளையத் தொடங்குகின்றது. அண்மைக் காலத்தில் இரு தகடுகளுக்கு இடையே நுரைநெகிழி வைத்த பலகைகளும், தகட்டின் கீழ்ப் பொய்க்கூரையாக நெகிழிப் பட்டைகளும் பொருத்தப்படுகின்றன. கீற்றை அகற்றிவிட்டு அதனினும் நச்சுப் புகை மிகுந்த ஒன்றை உள்ளே கொண்டுவருவது முன்னேற்றம் ஆகாது.

வலுவூட்டிய காங்கிறீற்றுத் தளமே இவற்றுள் பாதுகாப்பானது.

தீயெதிர்ப்பு நேரம்

கட்டிடக்கூறு ஒன்று தீயை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது தீயெதிர்ப்பு நேரம் எனப்படும். ஆய்வுக்கூடத்தில் உலையொன்றின் சூட்டைக் குறிப்பிட்ட முறைப்படி ஏற்றி இது அளக்கப்படுகின்றது. பன்னாட்டுச் சீர்தர முறையில் உலையின் வெப்பநிலை 30 நிமிடத்தில் ஏறத்தாழ 840 பாகையையும், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 945 பாகை செல்சியசையும் எட்டும். அந்நேரம்வரை கூறு சரியாமல் இருக்க வேண்டும். விரிசல் வழியாகத் தீயை விடாமல் இருக்க வேண்டும். மறுபுறம் மிகச் சூடாகாமல் இருக்க வேண்டும். இம்மூன்றில் எது முதலில் தவறுகின்றதோ அதுவே கணக்கில் கொள்ளப்படும்.

இந்தியத் தரம் 456 (2000) காங்கிறீற்றுத் தளத்துக்குத் தரும் அளவுகளின்படி, ஒரு மணி நேரத் தீயெதிர்ப்புக்குத் தளம் குறைந்தது 95 மில்லிமீட்டர் தடிப்பும், இரண்டு மணி நேரத்துக்கு 125 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டிருக்க வேண்டும். எளிமையாகத் தாங்கப்பட்ட தளத்தில் கம்பிக்குக் கீழுள்ள காங்கிறீற்று மூடல் முறையே 20, 35 மில்லிமீட்டர் ஆகும். இம்மூடலே கம்பியைச் சூட்டிலிருந்து காப்பது. நம்மூர் வீட்டுத் தளங்கள் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து அங்குலத் தடிப்புடையவை என்பதால் தடிப்பில் குறை வருவதில்லை. குறை வருவது மூடலில்தான். கம்பிக்குக் கீழே கவர் பிளாக் வைக்காமல், பலகையின் மேலேயே கம்பியைப் படுக்கவைத்துக் காங்கிறீற்றுக் கொட்டும் வேலைத்தளங்கள் இன்றும் உள்ளன. சில ஆண்டுகளில் துருவேறிய கம்பி வெளியே தெரியும் தளத்தில், அந்தத் துருவோடு தீயெதிர்ப்பும் போய்விட்டது என்று கொள்ளவேண்டும்.

மாடிக் கொட்டகை

பாதுகாப்பான காங்கிறீற்றுத் தளத்தின் மேல் கீற்றுக் கொட்டகை எழுப்பும் வழக்கம் தமிழ்நாடெங்கும் உண்டு. இதற்குத் தக்க காரணமும் உண்டு. கோடையில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும் அரியலூர் போன்ற ஊர்களில், பகல் முழுதும் வெயிலை உறிஞ்சிய தளம் இரவு முழுதும் அச்சூட்டைக் கீழே விடுகின்றது. தளத்தின் மேல் கீற்றுப் போட்டால் கீழறை குளிர்கின்றது. மேலே மற்றோர் அறையும் கிடைக்கின்றது. சுவரெழுப்பித் தளம் போடுவதைவிடச் செலவு மிகக் குறைவு. தனிப்பயிற்சி வகுப்பு, உணவு விடுதி, திருமணப் பந்தி, பொருள் வைப்பறை எனப் பல பயன்பாடுகள் இக்கொட்டகைகளில் நடைபெறுகின்றன.

தீப்பாதுகாப்பு நோக்கில் இது மூன்று கேடுகளை ஒன்றாக்குகின்றது. எரியாத கூரை எரியும் கூரையாகின்றது. தரையில் இருந்தால் நாற்புறமும் ஓடித் தப்பக்கூடிய கொட்டகை, மாடியில் ஒரே படிக்கட்டை நம்பி நிற்கின்றது. தீ ஏற்பட்டால் மேலே ஏறித் தப்புவதற்கு உரிய மொட்டை மாடி இல்லாமற் போகின்றது.

நான்காவதாக ஒன்றும் உண்டு. தட்டைக் கூரைக்கு மேலாகச் செல்லும் குறைந்த, நடுத்தர அழுத்த மின்கம்பிக்கும் கூரைக்கும் இடையே குத்தாக 2.5 மீட்டரும், பக்கவாட்டில் செல்லும் கம்பிக்கு 1.2 மீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும் என 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் கூறின. வீடு கட்டும்போது இருந்த இடைவெளியை, பின்னர் எழும்பும் கொட்டகை தின்றுவிடுகின்றது. ஆடிக்காற்றில் கம்பிகள் ஒன்றோடொன்று உரசிப் பொறி விழும்போது, அதன் நேர் கீழே காய்ந்த கீற்று இருக்கின்றது.

திருவரங்கம், 2004

2004 சனவரி 23 அன்று திருவரங்கத்தில் உள்ள திருமண மண்டபமொன்றின் மாடியில் போடப்பட்டிருந்த கீற்றுக் கொட்டகையில், திருமணச் சடங்குகள் நடந்துகொண்டிருந்தபோது தீப்பற்றியது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நிகழ்படம் எடுப்பதற்காக இழுக்கப்பட்டிருந்த மின்கம்பியில் ஏற்பட்ட கசிவே காரணம் எனக் கண்டறியப்பட்டது. கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் குறுகிய படிக்கட்டை நோக்கி ஓட வேண்டியிருந்தது.

கும்பகோணம், 2004

ஆறு மாதம் நிறைவதற்குள் இரண்டாவது நேர்ச்சி நிகழ்ந்தது. அரியலூர் மாவட்டத்தின் தெற்கெல்லையான கொள்ளிடத்தை அணைக்கரையில் கடந்தால் அடையும் கும்பகோணத்தில், காசிராமன் தெருவில் ஒரே கட்டிடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கி வந்தன. 2004 சூலை 16, வெள்ளிக்கிழமை முற்பகல், மதிய உணவு சமைத்துக்கொண்டிருந்த சமையற் கூடத்தின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ, மாடியில் வகுப்பறைகளுக்கு மேலிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. கூரை எரிந்து பிள்ளைகளின் மேல் விழுந்தது. படிக்கட்டு குறுகலாக இருந்தது. 94 குழந்தைகள் இறந்தனர். அவர்கள் தொடக்கப்பள்ளி மாணவர்கள்.

இந்நிகழ்வில் கவனிக்கவேண்டியது, தீ தொடங்கிய இடமும் உயிர்கள் போன இடமும் வேறு வேறு என்பதாகும். சமையற் கூடத்தில் இருந்தவர்களுக்கு வெளியேற வழி இருந்தது. இரு கூரைகளுள் ஏதேனும் ஒன்று எரியாப் பொருளால் ஆகியிருந்தாலும் தீ மாடிக்குத் தாவியிருக்காது என்றே கருத இடமுண்டு.

தமிழ்நாடு அரசு நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவிடப்பட்டது. குற்ற வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் 2014 சூலை 30 அன்று, நிகழ்வுக்குப் பத்தாண்டுகளுக்குப் பின், 10 பேரைக் குற்றவாளிகள் எனவும் 11 பேரை விடுவித்தும் தீர்ப்பளித்தது. 2017 இல் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் மேலும் சிலரை விடுவித்ததுடன், தண்டனைகளையும் குறைத்தது. இவ்விடயத்தை ஒட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13 அன்று அளித்த தீர்ப்பு, பாதுகாப்பான பள்ளியில் கற்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்று கூறி, நாட்டிலுள்ள பள்ளிகள் தேசியக் கட்டிட நெறித்தொகுப்பின் தீப்பாதுகாப்பு அளவுகளைப் பின்பற்ற வேண்டும் எனப் பணித்தது.

சட்டமும் விதிகளும்

இந்தியத் தர அமைவனம் வெளியிடும் தேசியக் கட்டிட நெறித்தொகுப்பு முதன்முதலில் 1970 இல் வெளிவந்தது. பின்னர் 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இதன் நான்காம் பகுதி தீ, உயிர்ப் பாதுகாப்புப் பற்றியது. இது கட்டிடங்களைப் பயன்பாட்டின்படி ஒன்பது குழுக்களாகவும், கட்டுமானக் கூறுகளின் தீயெதிர்ப்பின்படி நான்கு வகைகளாகவும் பிரிக்கின்றது. வீடு 'ஏ' குழுவிலும், பள்ளி 'பி' குழுவிலும், திருமண மண்டபம் போன்ற மக்கள் கூடுமிடங்கள் 'டி' குழுவிலும் அடங்கும். படிக்கட்டின் குறைந்த அகலம் தனி வீடுகளுக்கு ஒரு மீட்டர், பள்ளிகளுக்கு 1.5 மீட்டர், மக்கள் கூடுமிடங்களுக்கு 2 மீட்டர் எனவும், அது எரியாப் பொருளால் ஆகியிருக்க வேண்டும் எனவும் இது கூறுகின்றது.

நெறித்தொகுப்பு ஒரு பரிந்துரை மட்டுமே. மாநில அரசு தன் விதிகளில் ஏற்றுக்கொண்டாலன்றி அது கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்வது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 ஆகும். சென்னைப் பெருநகருக்கு வெளியே, அரியலூர், பெரம்பலூர் உட்பட, நகர் ஊரமைப்பு இயக்ககமும் உள்ளாட்சி அமைப்புக்களும் இவ்விதிகளின்படி அனுமதி வழங்குகின்றன. மாடிப்படியின் தலையறை, மின்தூக்கி இயந்திர அறை, நீர்த்தொட்டி போன்றவை மாடியில் அனுமதிக்கப்பட்டு, தளப்பரப்புக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. மக்கள் இருந்து பயன்படுத்தும் கொட்டகை இவ்வகையில் சேராது. அது கீற்றாலானாலும் தகரத்தாலானாலும் மற்றொரு தளமாகவே கொள்ளத்தக்கது. அதற்கேற்பப் படிக்கட்டும் வெளியேறும் வழியும் இருக்க வேண்டும். நடைமுறையில், அனுமதி பெற்ற வரைபடத்தில் மொட்டை மாடியாக உள்ள இடம் சில மாதங்களில் கொட்டகையாகிவிடுகின்றது. வரைபடத்தைப் பார்த்தவர் மீண்டும் மாடியேறிப் பார்ப்பது அரிது.

பள்ளி, திரையரங்கு, மண்டபம் முதலியவற்றுக்கு உரிமச் சட்டங்களும் உண்டு. 1965 ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டிடங்கள் உரிமச் சட்டம் இவற்றுள் ஒன்று. தனியார் பள்ளி அங்கீகாரம் பெறவும் புதுப்பிக்கவும் கட்டிட உறுதித்தன்மைச் சான்று, கட்டிட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று ஆகியவற்றைக் காட்ட வேண்டும்.

பந்தல்

தற்காலிகக் கொட்டகைகளுக்கும் பந்தல்களுக்கும் இந்தியத் தரம் 8758 வழிகாட்டுகின்றது. பந்தல் 3 மீட்டருக்குக் குறையாத உயரமுடையதாக இருத்தல், மின்கம்பியின் கீழே போடாதிருத்தல், உலை, மின்மாற்றி, இருப்புப்பாதை ஆகியவற்றிலிருந்து விலகியிருத்தல், செயற்கை இழைத் துணியையும் கயிற்றையும் தவிர்த்தல், எதிரெதிர்த் திசைகளில் வாயில் வைத்தல் என்பன இதன் சாரமாகும். 1997 சூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பிடித்ததில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எட்டு நாளைக்குப் போடும் பந்தலுக்கு எதற்கு விதி என்ற கேள்விக்கு அந்நிகழ்வே விடை.

தற்கால மாடி அமைப்புக்கள்

நகரங்களில் கீற்றின் இடத்தை வேறு பொருட்கள் பிடித்துள்ளன. மும்பை கமலா மில்சு வளாகத்தில் 2017 திசம்பர் 29 அன்று மாடி உணவகங்களில் பற்றிய தீயில் 14 பேரும், தில்லி கரோல் பாக் பகுதி விடுதியொன்றில் 2019 பெப்ரவரி 12 அன்று 17 பேரும் இறந்தனர். முன்னதில் மூங்கிலும் தார்ப்பாயும், பின்னதில் மாடியின் மேலிருந்த நாரிழைத் தகடுகளும் தீயைப் பெருக்கின. இவை வேறு பெயரிலான கீற்றுக் கொட்டகைகளே.

சூரிய மின்தகடுகள் புதியதொரு சிக்கலைக் கொண்டுவந்துள்ளன. வீட்டின் முதன்மை ஆளியை நிறுத்தினாலும், வெயில் உள்ளவரை தகடுகளிலிருந்து வரும் நேர்மின்னோட்டம் கம்பிகளில் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே தகட்டின் அருகிலேயே துண்டிப்பு ஆளி வைப்பதும், தீயணைப்பு வீரர் நடப்பதற்குத் தகடுகளுக்கு இடையே வழி விடுவதும், தகடுகளைக் கீற்றுக் கொட்டகையின் மேலோ அதை ஒட்டியோ பொருத்தாதிருப்பதும் தேவையாகும். உயர்ந்த கட்டிடங்களில் படிக்கட்டு மொட்டை மாடிவரை செல்ல வேண்டும். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எங்கோ வைக்கும் பழக்கம் திருட்டுக்கு அஞ்சி வந்தது. உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் தாழ்ப்பாள் இரண்டுக்கும் உதவும்.

பிற நாடுகளில்

கூரைப் பொருளைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவது புதிதன்று. அர்த்தசாத்திரம், கோடையில் புல்லாலும் பாயாலும் மூடப்பட்டவற்றை நகரிலிருந்து அகற்றச் சொல்கின்றது. இலண்டனில் 1212 ஆம் ஆண்டுத் தீக்குப் பின் புல்வேய்ந்த கூரைகள் தடை செய்யப்பட்டன. ஆயினும் 1613 இல் குளோப் நாடக அரங்கின் புற்கூரை பீரங்கிப் பொறியால் எரிந்தது. மீண்டும் கட்டியபோது ஓடு வேயப்பட்டது. 1997 இல் திறக்கப்பட்ட அதன் மறுஆக்கத்துக்குப் புற்கூரை அனுமதிக்கப்பட்டது; ஆனால் கூரைமேல் நீர்தெளிப்பான்கள் பொருத்திய பின்னரே. ஐக்கிய அமெரிக்காவில் கூரை மூடுபொருட்கள், மேலிருந்து விழும் தீப்பொறியைத் தாங்கும் திறனின்படி 'ஏ', 'பி', 'சி' என மூன்று தரங்களாகப் பிரிக்கப்படுகின்றன.

கீற்றுக் கூரையைப் பாதுகாத்தல்

கீற்றைக் கைவிட இயலாத வீடுகளும் உள்ளன. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், நீரில் கரையாத களிமண் சாந்தைக் கூரையின் இருபுறமும் பூசித் தீப்பற்றுவதைத் தாமதப்படுத்தும் முறையொன்றை உருவாக்கியுள்ளது. வேதியுப்புக் கரைசலில் கீற்றை நனைப்பதும் பயன்தரும்; ஆனால் மழை அவ்வுப்பைக் கரைத்துவிடுவதால் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். இவற்றைவிட எளியது, அடுப்படியை மட்டுமாவது கூரையிலிருந்து பிரித்துத் தனியே ஓடு அல்லது தகடு போட்டு அமைப்பதும், மின்கம்பியைக் கூரையில் படாமல் குழாய்க்குள் இழுப்பதும் ஆகும். குடிசைக்கு ஒரு விளக்கு என்று வந்த இணைப்பில் மின்விசிறியும் தொலைக்காட்சியும் சேர்ந்த பின், முதலில் சூடாவது ஓலையில் செருகப்பட்ட அந்த மெல்லிய கம்பியே.

குடிசைகளுக்குப் பதில் காங்கிறீற்று வீடு கட்டும் திட்டங்களைத் தமிழ்நாடு அரசு பலமுறை கொண்டுவந்துள்ளது. 2010 இல் தொடங்கிய கலைஞர் வீட்டுவசதித் திட்டம் 21 இலட்சம் குடிசைகளை மாற்றுவதை இலக்காகக் கொண்டிருந்தது. 2011 இல் சூரிய ஒளி மின்வசதியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 2024 இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை இலட்சம் உரூபாய் வழங்கப்படுகின்றது. இதில் 300 சதுர அடிக்குக் காங்கிறீற்றுத் தளமும், எஞ்சிய 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத பிற கூரையும் அமைக்கலாம். ஓலையோ கல்நார்த் தகடோ கூடாது.